அவர்கள், நாங்கள், நாம்

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்து வடபகுதியில் பிங்கரா என்றொரு சிற்றூர். அதற்குச் சற்றுத் தள்ளி, மயால் கிரீக் என்ற ஓடையருகே உள்ள மேட்டில் ஒரு நினைவுப் பாதை இருக்கிறது. 2005 ஜனவரியில் யாரோ அங்கே கருவியோடு போய், பலகையில் பொறித்திருந்த சொற்களில் மூன்றைத் தேடிப் பிடித்துக் கொத்தியிருக்கிறார்கள். ‘கொலை’, ‘பெண்கள்’, ‘குழந்தைகள்’ என்பவை அந்த மூன்று சொற்கள். போக்கிரிகளின் வேலை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் போதையில் கல்லெறிகிறவன் சொல் பார்த்து எறிவதில்லை. வந்தவர் வாசித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

அருங்காட்சியகம் என்றதும் பொருள்களைப் பற்றித்தான் பேச்சு எழும். எந்த ஈட்டி, யார் எடுத்துப் போனது, எப்போது திரும்பும்? இந்தக் கேள்விகள் வேண்டியவையே. ஆனால் ஊரளவில், பூர்வகுடி மக்களோடு சேர்ந்து ஒரு காட்சியை அமைக்க உட்காரும்போது மனக்கசப்பு மூள்வது பொருளுக்கு அடியில் வைக்கும் நாலு வரி விளக்கத்தில்தான். அதை யார் எழுதுவது? ‘வாழ்ந்தார்கள்’ என்றா ‘வாழ்கிறார்கள்’ என்றா? ‘அவர்கள்’ என்றா ‘நாங்கள்’ என்றா? இந்த நாலு வரியை எழுதும் உரிமை கைமாறாதவரை, பேழையில் என்ன வைத்தாலும் அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் சூட்ட முடியாது என்பது என் வாதம். மயால் கிரீக்கை முன்வைத்து இதைச் சொல்லத் தொடங்குகிறேன். அது அருங்காட்சியகம் இல்லை, திறந்தவெளி நினைவிடம். ஆனாலும் ஓர் ஊர்க் காட்சி எப்படி உருவாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

1838 ஜூன் 10. ஹென்றி டாங்கர் என்பவரின் கால்நடைப் பண்ணையில், கமிலராய் மக்களைச் சேர்ந்த விரையராய் கூட்டத்தார் சில வாரங்களாகத் தங்கியிருந்தார்கள். பண்ணையாட்களோடு அவர்களுக்கு நல்ல பழக்கம். அன்று இளைஞர்கள் பக்கத்துப் பண்ணையில் மரப்பட்டை உரிக்கப் போயிருந்தார்கள். முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் மட்டுமே இருந்தபோது, குதிரைகளில் வந்த ஆட்கள் அவர்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 28 பேர். பிறகு உடல்களை எரிக்கவும் செய்தார்கள். வந்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஃபிளெமிங் என்ற பண்ணைக்காரர் கடைசிவரை பிடிபடவில்லை. மற்ற 11 பேரும் கைதிகளாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், அல்லது தண்டனை முடித்தவர்கள். அவர்களில் சார்லஸ் கில்மீஸ்டர் அதே பண்ணையில் வேலை பார்த்தவர். விரையராய் மக்களோடு ஆடிப்பாடிப் பழகியவர்.

இப்படிப்பட்ட கொலைகள் அந்நாளில் நீதிமன்றம்வரை வருவது அபூர்வம். இது வந்தது. பண்ணையின் மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் புகார் கொடுத்தார், வேலையையும் இழந்தார். குடிசைக் காவலாளியாக இருந்த கைதி ஜார்ஜ் ஆண்டர்சன், கொலையில் சேர மறுத்தவர், கூண்டேறிச் சாட்சி சொன்னார். பண்ணை முதலாளிகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். நவம்பரில் நடந்த முதல் விசாரணையில் நடுவர் குழு இருபது நிமிடத்துக்குள் அத்தனை பேரையும் குற்றமற்றவர்கள் என்றது. அரசு வழக்கறிஞர் ஜான் பிளங்கெட் விடவில்லை. ஏழு பேர்மீது வேறொரு குற்றச்சாட்டில் மறுவிசாரணை நடத்தினார். அந்த ஏழு பேரும் டிசம்பர் 18 அன்று சிட்னியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மீதி நான்கு பேரின் கதைதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. கொலையை நேரில் கண்ட பூர்வகுடி இளைஞர் ஒருவர் இருந்தார். யிந்தாயிந்தின் என்பது அவர் பெயர், பண்ணையில் டேவி என்று அழைத்தார்கள். ஆனால் பைபிள்மீது சத்தியம் செய்ய முடியாதவரின் வாக்குமூலம் சட்டத்தின் முன் செல்லாது. அவருக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்பித்து, பிறகு கூண்டேற்றலாம் என்று நான்கு பேரையும் காவலில் வைத்துக் காத்திருந்தார்கள். டேவி பிறகு கண்ணில் படவே இல்லை. 1839-இல் நான்கு பேரும் வெளியே வந்தார்கள். பூர்வகுடிகள் சத்தியமின்றிச் சாட்சி சொல்ல வழிசெய்து அதே ஆண்டு சிட்னி சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. லண்டன் அதைத் தள்ளுபடி செய்தது. நியூ சௌத் வேல்ஸில் அந்த உரிமை 1876 வரை கிடைக்கவில்லை.

அந்த மண்ணில் ஒரு பூர்வகுடி மனிதர் ‘நான் பார்த்தேன்’ என்று சொல்வதற்கே சட்டம் இடம் தரவில்லை. ஊர் அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகை இந்தக் கதையின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

பிறகு நீண்ட மௌனம். 1960-களில் பிங்கராவைச் சேர்ந்த லென் பெய்ன் என்ற வெள்ளையர் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பலாம் என்று கேட்டபோது ஊரே எதிர்த்தது. 1998-இல்தான் காற்று மாறியது. மயால் கிரீக்கில் தேவாலயக் குழுக்களும் பூர்வகுடி மூத்தோரும் கூடிய ஒரு மாநாட்டில், பலியானவர்களின் வழித்தோன்றல்கள் நினைவிடம் வேண்டும் என்றார்கள். இரு தரப்பாரும் சேர்ந்த குழு அமைந்தது. 2000 ஜூன் 10 அன்று, படுகொலை நடந்த அதே தேதியில், நினைவிடம் திறக்கப்பட்டது. கொன்றவர்களின் வழிவந்தவர்களும் அங்கே வந்து, கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களோடு நின்றார்கள். 2008-இல் அது தேசிய மரபுப் பட்டியலில் ஏறியது.

அமைப்பு எளிமையானது. செம்மண் சரளையில் பாம்புபோல வளைந்து செல்லும் பாதை. வழியில் ஏழு கருங்கல் பாறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, கதையின் ஒரு பகுதி, ஆங்கிலத்திலும் கமிலராய் மொழியிலும். கடைசியில் கொலைக்களத்தைப் பார்த்தபடி ஒரு பெரும்பாறை. முதல் பலகை கொலையில் தொடங்கவில்லை. அந்த மக்கள் அங்கே வாழ்ந்த வாழ்க்கையில் தொடங்குகிறது. அந்தக் கதைக்கு 1838 நடுப்பகுதிதான். எவரும் நின்று வாசித்து, நடந்து, மறுபடி நின்று வாசிக்க வேண்டும். கண்ணாடிப் பேழைக்கு முன் பத்து நொடி நின்று நகரும் பழக்கம் இங்கே செல்லாது.

இனி வழக்கமான ஊர் அருங்காட்சியகத்துக்குள் போவோம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் பழைய நீதிமன்றத்திலோ பள்ளிக் கட்டடத்திலோ உள்ளூர் வரலாற்றுக் கழகம் ஒன்று அருங்காட்சியகம் நடத்தும். சம்பளமில்லாத் தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வெண்ணெய் கடையும் பீப்பாய், தையல் இயந்திரம், குதிரைச் சேணம், முதல் குடியேறியவர் வீட்டுக் கல்யாண கவுன். ஒரு மூலையில் தட்டு நிறையக் கல் கோடாரிகளும் அரைகல்லும் இருக்கும். உழும்போது கிடைத்ததாக ஏதோ ஒரு குடும்பம் கொடுத்தவை. எந்த வயலில், எந்த ஆண்டில் என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது. ஊரின் வரலாறு முதல் வெள்ளைக் குடும்பம் வண்டி கட்டி வந்த ஆண்டில் தொடங்கும். அந்தக் கற்களுக்கு ஆண்டே கிடையாது. பலகையில் ‘இங்கே வாழ்ந்தார்கள்’ என்றிருக்கும். அதை வாசிக்கும் பூர்வகுடிச் சிறுமி அதே ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருப்பாள்.

இந்த இறந்தகாலத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை, அதுதான் சிக்கல். தொண்டர்கள் நல்லவர்கள், தங்கள் தாத்தாவின் கதையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள். அந்தத் தாத்தாவுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி வரும்போது அவர்கள் தடுமாறுகிறார்கள். நியூகாசல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் லிண்டல் ரையன் தலைமையில் 2017 முதல் வெளிவந்த படுகொலை வரைபடம், ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடங்களாக 400-க்கும் மேற்பட்டவற்றைக் குறித்திருக்கிறது. அந்தப் புள்ளிகளை ஊர்களின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த ஊர் அருங்காட்சியகமும் இந்தக் கேள்வியிலிருந்து வெகுதூரத்தில் இல்லை என்பது தெரியும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. கான்பெராவில் 2001-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம், பாத்தர்ஸ்ட் வட்டாரத்து பெல்ஸ் ஃபால்ஸ் பள்ளத்தாக்கில் நடந்ததாக விராஜுரி மக்கள் நினைவில் வைத்திருக்கும் ஒரு படுகொலையைக் காட்சியாக்கியது. 1824-இல் ஆளுநர் பிரிஸ்பேன் அந்த வட்டாரத்தில் ராணுவச் சட்டம் பிறப்பித்தது ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட அந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததற்கு அக்கால ஆவணம் இல்லை என்று கீத் விண்ட்ஷட்டில் என்ற எழுத்தாளர் தாக்கினார். அரசு மறுஆய்வுக் குழு அமைத்தது, 2003-இல் அறிக்கை வந்தது. இயக்குநராக இருந்த டான் கேசி ஒரு பூர்வகுடிப் பெண். அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை.

விண்ட்ஷட்டிலின் ஒட்டுமொத்த நோக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று வாதிட, யிந்தாயிந்தினைக் கூண்டேற்றாத சட்டமே துணை. எழுத அனுமதிக்காமல் வைத்திருந்துவிட்டு எழுத்து எங்கே என்று கேட்பது நியாயம் இல்லை. ஆனால் அவர் கேள்வியில் காட்சி அமைப்பவருக்கு ஒரு பாடம் இருக்கத்தான் செய்கிறது. விளக்கப் பலகை முகமற்ற அதிகாரக் குரலில், எல்லாம் தெரிந்ததுபோலப் பேசினால், நினைவும் ஆவணமும் ஒன்றோடொன்று குழம்பும். ‘இது எங்கள் பாட்டிகள் சொன்னது’ என்று விராஜுரி மக்களே கையொப்பமிட்டுப் பேசினால் அதைப் பொய் என்று சொல்ல எவருக்கும் எளிதில் வாய் வராது. பக்கத்திலேயே ஆளுநரின் ஆணையை வைக்கலாம். எது எதன் குரல் என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும், அவர் தானே எடைபோடுவார்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரை விலக்கி நிறுத்துவது ஒன்று, சேர்த்துக்கொள்வது மற்றொன்று. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழிகள் பலவற்றிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் எழுதும் அருங்காட்சியகப் பலகை ‘நமது பொதுவான வரலாறு’ என்று சொல்லும்போது, அந்த ‘நமது’ யாரையெல்லாம் அடக்குகிறது என்பது மறைந்துபோகிறது. நூறாண்டு ‘அவர்கள்’ என்று எழுதிவிட்டு ஒரே நாளில் ‘நாம்’ என்று தாவுவதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. இடையில் ‘நாங்கள்’ என்று அவர்கள் பேச ஒரு காலம் வேண்டும், அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டும். மயால் கிரீக்கின் கடைசிப் பலகை பொதுவான வரலாற்றைப் பற்றிப் பேசுகிறதென்றால், அதற்கு முன் ஏழு கற்கள் இருக்கின்றன.

மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் கதை இந்தப் படிகளைக் காட்டுகிறது. அதன் பழைய இயக்குநர் பால்ட்வின் ஸ்பென்சர் உயிரியலாளர். மத்திய ஆஸ்திரேலியாவில் அரெண்டே மக்களிடமிருந்து ஏராளமான பொருள்களைத் திரட்டியவர். 2000-இல் புதிய கட்டடத்தில் புஞ்சிலாக்கா என்ற பூர்வகுடிப் பண்பாட்டு மையம் திறந்தபோது, ஸ்பென்சரையே ஆளுயரப் பொம்மையாகச் செய்து, அவர் சேகரித்த பொருள்களோடு கண்ணாடிப் பேழைக்குள் நிற்க வைத்துவிட்டார்கள். பார்க்கிறவரே பார்க்கப்படும் பொருளானார். குறும்பும் கூர்மையும் கலந்த காட்சி. ஆனாலும் அங்கே மையத்தில் நின்றவர் ஸ்பென்சர்தான் என்பதை மறுக்க முடியாது. 2013-இல் திறந்த ‘முதல் மக்கள்’ என்ற அடுத்த காட்சியில் அவர் தேவைப்படவில்லை. விக்டோரியா மாநிலத்தின் மூத்தோரும் சமூகப் பிரதிநிதிகளும் கொண்ட ‘யுலெஞ்ச்’ என்ற குழு அதை அருங்காட்சியக ஊழியர்களோடு சேர்ந்து உருவாக்கியது. குலின் மொழியில் யுலெஞ்ச் என்றால் அறிவு. காட்சி முழுவதும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறது.

அதே அருங்காட்சியகத்தில் போஸம் என்ற மரவாழ் விலங்கின் தோல்களைத் தைத்துச் செய்த இரண்டு போர்வைகள் இருக்கின்றன. ஒன்று 1853-ஐச் சேர்ந்தது, மற்றொன்று 1872-ஐ. 1999-இல் விக்கி கசின்ஸ் உள்ளிட்ட பூர்வகுடிக் கலைஞர்கள் சிலர், தங்கள் முன்னோர் செய்த போர்வையைச் சேமிப்பு அறையில் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல், அதைப்போல மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் மூத்தோர் புதிய போஸம் போர்வைகளைப் போர்த்தி அரங்கில் நின்றார்கள். ஆஸ்திரேலியாவில் போஸம் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால், அது தொல்லையாகப் பெருகிக் கிடக்கும் நியூசிலாந்திலிருந்து தோல் வரவழைக்கிறார்கள். ஓர் அருங்காட்சியகப் பொருளுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை. பேழைக்குள் இருந்தது பிள்ளைகளின் தோளுக்குப் போய்விட்டது.

சேர்ந்து அமைப்பது என்றால் ‘சரி’ சொல்ல ஆள் தேடுவது என்று நினைக்கும் நிறுவனங்கள் இன்னும் உண்டு. வேலை எல்லாம் முடிந்து, வாசகம் அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒரு மூத்தவரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அவர் பயணச் செலவைக்கூடத் தன் கையிலிருந்து போட்டிருப்பார். உண்மையான சோதனை அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போதுதான் வருகிறது. சில சடங்குப் பொருள்களைப் பெண்கள் பார்க்கக் கூடாது, சிலவற்றை ஆண்கள் பார்க்கக் கூடாது, சிலவற்றை எவருமே பொதுவில் பார்க்கக் கூடாது. பல சமூகங்களில் இறந்தவரின் பெயரையும் படத்தையும் குறிப்பிட்ட காலம்வரை வெளியில் காட்டுவதில்லை. அதனால்தான் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களின் வாசலிலும் தொலைக்காட்சியிலும் இறந்தவர் படங்கள் வரும் என்ற முன்னறிவிப்பு இருக்கிறது. நல்ல ஊர்க் காட்சி ஒன்றைத் தேடிப் போகிறவர் முதலில் காலியாக விட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஏதாவது எடுக்கப்பட்டிருந்தால், யாரோ ‘வேண்டாம்’ சொன்னார்கள், யாரோ கேட்டார்கள் என்று அர்த்தம். 1993-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பு, பழைய உடைமைகளுக்குப் புதிய கடமைகள் உண்டு என்ற பொருளில் ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல ஆவணம். பல ஊர் அருங்காட்சியகங்களின் அலமாரியில் அது பத்திரமாகத் தூங்குகிறது.

‘வேண்டாம்’ கேட்கப்படாமல் போனதும் உண்டு. 1854 வாக்கில் விக்டோரியாவின் பூர்ட் பகுதியில் ஜா ஜா வுருங் மக்கள் கீறி வரைந்த மரப்பட்டைகள் பிரிட்டனுக்குப் போயிருந்தன. 2004-இல் அவை கடனாக மெல்பர்ன் காட்சிக்கு வந்தபோது, அந்த மக்களின் பிரதிநிதி கேரி மர்ரி மரபுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தித் தடை வாங்கினார். அருங்காட்சியகம் நீதிமன்றம் போனது. பட்டைகள் மறுபடி பிரிட்டனுக்கே போயின. பிறகு 2013-இல், வெளிநாட்டிலிருந்து கடனாக வரும் பொருள்களை யாரும் தடுத்து வைக்காதபடி ஒரு தேசியச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோய் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருந்த நடராசரை அந்நாட்டுப் பிரதமர் டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நமக்கு மகிழ்ச்சிதான். பூர்ட் மக்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்கத் தோன்றுகிறது.

ஊர் சிறிதாக இருந்தால் வேலை எளிது என்று நினைக்கக் கூடாது, எதிர்மாறாகவே இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் எல்லிஸ்டன் என்ற கடற்கரை ஊரில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். 1849-இல் வாட்டர்லூ விரிகுடாவின் செங்குத்துக் கரையில் விராங்கு மக்கள் கொல்லப்பட்டதை நினைவுகூரும் சின்னத்தை அந்த ஊர் உள்ளாட்சி மன்றம் 2017-இல் அமைத்தது. ‘படுகொலை’ என்று எழுதுவதா, ‘சம்பவம்’ என்று எழுதுவதா என்று ஊர் இரண்டுபட்டது. அத்தனை பேருக்கும் அத்தனை பேரையும் தெரிந்த ஊர். கடைவீதியில் முகம் பார்க்க வேண்டும். மன்றம் கடைசியில் ‘படுகொலை’ என்றே எழுதியது. தலைநகரில் உட்கார்ந்து இதே சொல்லை எழுத எந்தத் துணிச்சலும் தேவையில்லை.

மன்னிப்புக் கேட்பது இன்னும் சில படிகள் முந்தியது. டாஸ்மேனியாவின் ட்ருகனினி 1876-இல் இறக்குமுன், தன் உடலை அறிவியலாளர்கள் தொடக் கூடாது என்று அஞ்சியவர். அவருடைய எலும்புக்கூட்டை ஹோபார்ட் அருங்காட்சியகம் 1904 முதல் 1947 வரை காட்சிக்கு வைத்திருந்தது. நூறாண்டு கழித்து 1976-இல்தான் அவருடைய சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. அந்த அருங்காட்சியகம் டாஸ்மேனியப் பூர்வகுடிகளிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில். இப்படிப்பட்ட வாசலுக்குள் ஒரு மூத்தவர் ஆலோசனை சொல்ல நுழைகிறார் என்றால் அவர் எதைத் தாண்டி வருகிறார் என்பது புரிய வேண்டும்.

2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குழுவை அரசியல் சட்டத்தில் சேர்க்கும் யோசனையை வாக்களித்த ஆஸ்திரேலியர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். நல்லிணக்கம் என்ற சொல்லை அரசுகள் பேசிப் பேசித் தேய்த்துவிட்டன என்று பூர்வகுடி இளைஞர்கள் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. கான்பெராவில் மூடிய கதவு பிங்கராவிலும் மூட வேண்டும் என்பதில்லை. ஊர் அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையை மாற்ற பொதுவாக்கெடுப்பு தேவையில்லை. ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதும், எழுதுகோலை யார் கையில் கொடுப்பது என்ற முடிவும் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறி, குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மண்ணின் கணக்கில் இப்போது நீங்களும் ஒரு வரி. ஜூன் மாத நீண்ட வார இறுதி விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை மயால் கிரீக்கில் ஆண்டுதோறும் நினைவுக்கூட்டம் நடக்கிறது. யாரும் போகலாம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய், அந்த ஏழு கற்களையும் வாசித்துவிட்டு வாருங்கள்.